தெருமுனையில் கேட்ட முரசு

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகள் மறிக்கப்பட்ட அந்த ஆண்டுகளில், எங்கள் வீட்டில் நடந்த பெரிய வழக்கு ஒரு முரசைப் பற்றியது. அதை வாங்குவதா, வேண்டாமா என்பதே வழக்கு. தீர்ப்பைத் தந்தையார் என்னிடம் விட்டிருந்தார்.

என் தம்பி மூங்கில்துறைப்பட்டுச் சருக்கரை ஆலையில் அரவைக் காலத்துக் கூலியாள். கொதிகலனருகே வெந்த தழும்பு அவன் முன்கை முழுவதும் இருந்தது. ஓய்ந்த நாள்களில் ஒரு பேண்டுக் குழுவோடு போய், திருமணத்துக்கும் சாவுக்கும் முரசு அடித்து வந்தான். கழுத்தில் மாட்டி இரு குச்சிகளால் அடிக்கும் சிறிய தகர முரசு அது. அதன் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிகள் நெருக்கமாக ஓடும். மேலே அடி விழுந்தால் கீழே அவை சடசடக்கும். கள்ளக்குறிச்சியில் தமிழாசிரியனாக இருந்த நான், அதற்கு ‘அதிர்கம்பி முரசு’ என்று பெயர் சூட்டினேன்.

“இன்னா ணா, மேளத்துக்குக் காது குத்திப் பேரு வெக்கிறியா? சைடு டிரம்மு. அவ்ளோதான்” என்றான் தம்பி.

புதுச்சேரியில் ஒரு கடையில் அயல்நாட்டு மர முரசு ஒன்று விலைக்கு இருப்பதை அவன் கண்டு வந்திருந்தான். அங்குள்ள பெரிய குழுவொன்று, சொந்தமாக நல்ல கருவி கொண்டுவருபவரை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளும். அந்த முரசு கைக்கு வந்தால் அவன் ஆலைக்குப் போக வேண்டியதில்லை. தந்தையாருக்கோ அது தலைக்குனிவு.

“ஏர் புடிக்கிறவன் புள்ள ஊரான் வூட்டு வாசல்ல நின்னு அடிச்சிக்கினு கெடப்பானா? என்னைக் கேக்காதே. ஒங்கண்ணன் படிச்சவன், அவன் சொல்லட்டும்.”

ஆகவே நான் தம்பியோடு பார்க்கப் போனேன். எங்களோடு அவன் குழுவின் கிளாரினெட்காரரும் வந்தார். மணமாகாதவர், பேருந்தில் ஏறியது முதல் என்னைச் சீண்டியபடியே வந்தார்.

கடையில் இருந்த முரசுக்கு மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்த உடம்பு, தேன் நிறம், மூட்டுத் தெரியாத வேலைப்பாடு. ஒரு சோடி உழவுமாட்டின் விலையைக் கடைக்காரர் சொன்னார்.

“தொட்டுப் பாருங்க வாத்தியாரே, கடிக்காது” என்றார் கிளாரினெட்காரர். “இதை எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா என் கல்யாணத்துக்கு ஒங்க தம்பி ஓசில அடிப்பான்.”

“மொதல்ல பொண்ணைப் பாருய்யா” என்று சொல்லிவிட்டுத் தம்பி குச்சிகளை எடுத்தான். கடைக்குள் வேறு பேச்சு நின்றது. “தகரத்துல அடிச்சா ஈயச்சட்டி உருள்ற மாரி கேக்கும். இதுல பாரு ணா, அடிக்கு அடி தனியா வுழுது” என்றான். எனக்கு இசையறிவு கிடையாது. ஆனால் அவன் முகத்தை அப்படி நான் அதற்குமுன் கண்டதில்லை. வாங்கலாம் என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. தந்தையாரிடம் முறைப்படி சொல்லிவிட்டு வாங்குவோம் என்று எண்ணித் திரும்பினேன்.

அதற்குள் மறியல் தொடங்கிவிட்டது. சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள், பேருந்துகள் நின்றன. ஊராரோடு கூட்டுச்சாலைக்குப் போன கிளாரினெட்காரர் காவலர்களின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற கட்டளையோடு அவர் உடலைக் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சாவு வீட்டுக்கு மாலையும் கோடித் துணியும் கொண்டுவரும் உறவினரை, குழு தெருமுனைவரை சென்று எதிர்கொண்டு, முழக்கத்தோடு பிணத்தருகே அழைத்துவர வேண்டும். தவறினால் அவமதிப்பு. அதை முன்னிட்டே உறவு அறுத்துக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன்.

இறந்தவருக்கு ஒரே தமக்கை. கல்வராயன் மலையடிவாரத்து ஊரொன்றில் வாழ்க்கைப்பட்டவர். பேருந்து ஓடாததால் அவரும் அவர் வீட்டாரும் விடியுமுன்னே புறப்பட்டு நடந்தே வந்தனர். வழியில் வேறொரு கூட்டுச்சாலையில் காவலர்கள் கூட்டத்தைக் கலைத்துச் சுட்டதை, அங்கே நின்று அவர்கள் கண்டிருந்தார்கள். இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கரும்புக் கொல்லைக்கு நடுவே வண்டிப்பாதையில் அவர்கள் வருவதைக் கண்டதும் குழு தெருமுனைக்கு விரைந்தது. கிளாரினெட் இல்லை. தம்பிதான் முன்னே நின்றான். வந்தவர்க்குச் செய்ய வேண்டிய சிறப்பில் குறை வைக்கலாகாது என்று, தன் வலிமையெல்லாம் கூட்டி முதல் முழக்கத்தை எழுப்பினான்.

“சுடுறாங்க! ஓடுங்க!” என்று வந்தவர்களில் ஒருவர் அலறினார். மாலை மண்ணில் விழுந்தது. அத்தனை பேரும் கரும்புக்குள் புகுந்து மறைந்தனர். ஆளை மறைக்கும் கரும்பு. “மேளம்தாங்க! நம்ம மேளம்தாங்க!” என்று கத்தியபடி ஓடினோம். நாங்கள் கூப்பிடக் கூப்பிட, சருகு மிதிபடும் ஓசை எங்களை விட்டு விலகிப் போயிற்று.

வெயில் சாய்ந்தது. காவலர் வண்டி தெருவில் வந்து நின்றது. தமக்கையின் கோடி இல்லாமலே பிணத்தை எடுத்தார்கள். தம்பி முரசின் பக்கவாட்டுப் பிடியைத் திருகிக் கம்பிகளைத் தளர்த்திவிட்டான். சுடுகாடுவரை அது சடசடக்காமல், மூட்டையை அடிப்பதுபோல் ஒலித்தது.

கொள்ளி வைத்தபின் தமக்கையார் கரும்பிலிருந்து வெளிப்பட்டார். தோகை கீறி முகமெங்கும் குருதிக் கோடுகள். தம்பியின் கழுத்தில் தொங்கிய முரசைச் சற்றுநேரம் பார்த்தார்.

“நீதான் அடிச்சியாப்பா? நான் அவுங்கன்னு நெனச்சிட்டேன்.”

அதில் சினம் சிறிதும் இல்லை.

பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது நானே பேச்செடுத்தேன். தகரத்தின் குற்றம் அது, மரம் அப்படிக் கேட்காது, வாங்கிவிடுவோம் என்றேன். தந்தையார் மறுக்கவில்லை. “வாங்கிக் குடு” என்றுகூடச் சொன்னார். தம்பி என்னோடு வந்தான். வழியெங்கும் புளிய மரங்களின் அடிக்கட்டைகள் வெளுத்துக் கிடந்தன.

கடையில் அவன் குச்சியைத் தொடவில்லை. “கைக்கிட்ட கேட்டா எல்லாம் நல்லாத்தான் கேக்கும். நான் தெருக்கோடிக்குப் போறேன். கடைக்காரரை அடிக்கச் சொல்லு, ணா” என்றான். திரும்பிப் பாராமல் நடந்து தெருக்கோடியில் போய் நின்றான். முதுகு எங்கள் பக்கம்.

கடைக்காரர் முரசை வாசலுக்குக் கொண்டுவந்து முழக்கினார். அருகில் நின்ற எனக்கு அது தகரத்தினும் இனிதாகவே கேட்டது. ஆனால் நான் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முழக்கத்திலேயே அவன் தோள்கள் காதுவரை ஏறின, தலை தாழ்ந்தது, ஒரு கை சுவரைப் பற்றியது.

திரும்பி வந்தவன் தன் துண்டால் மரத்தின் மேலிருந்த விரல் தடங்களைத் துடைத்தான்.

“வெலைதான்னா சொல்லுங்க, கொஞ்சம் கம்மி பண்றேன்” என்றார் கடைக்காரர்.

“வெலை இல்லீங்க.”

கம்பியைத் தளர்த்திவிட்டு அடித்தால் ஆகாதா என்று நான் கேட்டேன்.

“அப்பறம் இது இன்னாத்துக்கு ணா?” என்றான். பிறகு, எனக்குச் சமாதானம் சொல்பவனைப்போல, “நல்ல சாமான் ணா. வேணாம்” என்றான்.

வெறுங்கையோடு வந்த எங்களைக் கண்டு தந்தையார், கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட வரச் சொன்னார். அந்த ஆண்டு அரவை தொடங்கிய அன்றே தம்பி கொதிகலனருகே நின்றான். குழுவினர் வந்து அழைத்தபோது, தகர முரசை அவர்களிடமே கொடுத்து அனுப்பிவிட்டான்.