முப்பத்தொரு நிமிடத் தாமதம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் சிலர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "பேரையே போடலையே" என்று கேட்கக்கூடும். அது அச்சகத்தின் பிழை அல்ல. எங்கள் குடும்பத்தில் ஒருவர் மறைந்தால், ஓராண்டு முடிந்து கடற்கரையில் நின்று அவரை அழைக்கும் நாள்வரை பெயரை எழுதுவதில்லை, உரக்கச் சொல்வதுமில்லை. எனவே இந்தக் கட்டுரை முழுவதும் அவர் அண்ணன்தான். வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணன் மூத்தவர், அடுத்தவர் சின்னண்ணன், கடைசி நான்.

திருவொற்றியூருக்கு வடக்கே, கடலுக்கு எழுபது அடி தூரத்தில் இருந்த வீட்டில் அண்ணன் பிறந்தார். அந்த வீடு இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் அலை அடிக்கிறது. அதற்கு இப்பால் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவுடன் கடலுக்குப் போனார். அப்பா காலமான பிறகு அண்ணனும் சின்னண்ணனும் ஒரு பைபர் படகை ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். நான் கல்லூரி முடித்ததும், நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்ததும் அந்தப் படகால்தான். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிறர் எழுதியதைச் சரிபார்ப்பது என் வேலை. இந்தக் கட்டுரையும் ஒரு திருத்தம்தான். சற்றுத் தாமதமாக வருகிறது.

எங்கள் மீனவக் குப்பத்து உறவினர்களுக்குத் தெரிந்த வழக்கம் ஒன்றை, மற்ற நண்பர்களுக்காகச் சொல்ல வேண்டும். பனிமூட்டத்தில் படகு நிற்கும்போது, படகுக்கு வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. மனிதர் என்றால் மூன்று முறை கூப்பிடுவார். மற்றது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். மூன்றாவது அழைப்புக்குத்தான் பதில். அப்பா எங்கள் மூவருக்கும் இதைச் சொல்லியிருந்தார். கடலுக்கே போகாத எனக்கும்.

இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மார்கழியில் ஒரு காலை, அண்ணன் தனியாகக் கரைக்கு வந்தார். இரவெல்லாம் வலை இழுத்த களைப்பில் சின்னண்ணன் படகின் முன்புறம் தார்ப்பாயைப் போர்த்திப் படுத்திருந்தார். பனி கண்ணை மறைத்ததால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்புறம் காவலுக்கு உட்கார்ந்தவர் அண்ணன். பனி விலகியபோது தார்ப்பாய்க்குக் கீழே ஆள் இல்லை. மூன்றாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்துக்கு அருகே சின்னண்ணனின் உடல் கரை ஒதுங்கியது. காலில் வலைக்கயிறு சுற்றியிருந்தது.

பஞ்சாயத்தில் கேட்டபோது அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தூங்கிட்டேன்."

அதற்குப் பிறகு எவரும் அவரைப் படகில் ஏற்றவில்லை. யாரையும் நான் குறை சொல்லவில்லை. காவலில் தூங்கியவரைக் கடலில் நம்ப முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஒருவர், "இன்னா நைனா, எல போட்டாச்சு, தூங்கிகினு கீறியா?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அண்ணன் சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். அம்மா மட்டும் பத்து நாள் அவரோடு பேசவில்லை. பதினோராம் நாள் சோறு போட்டார்கள்.

அண்ணன் கண்டெய்னர் லாரி ஓட்டினார். பிறகு துறைமுகச் சரக்கு முற்றம் ஒன்றில் கிரேன் இயக்குபவரானார். பெரும்பாலும் இரவுப் பணி, கேட்டு வாங்கிக்கொண்டது. இத்தனை ஆண்டுகளில் பணியில் ஒருமுறை கூடக் கண் அசந்ததில்லை என்று அவருடைய மேற்பார்வையாளர் துக்கம் விசாரிக்க வந்தபோது சொன்னார். அண்ணி வேறொன்று சொன்னார்: "வூட்லயும் தூங்க மாட்டாரு. குழாய்ல தண்ணி சொட்டுனாக்கூட எழுந்து குந்திக்குவாரு." மகள்கள் இருவரையும் படிக்க வைத்தார். சின்னண்ணன் பெயரில் ஒவ்வொரு மார்கழியும் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். கடலில் கால் நனைக்கவே இல்லை.

அவருக்கென்று இருந்த ஒரே ஆசை பழைய 350 சிசி மோட்டார் சைக்கிள். அதைப் பார்த்துக்கொண்டவர் தண்டையார்பேட்டையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய், அண்ணனின் நாற்பது வருட தோஸ்து. இரண்டு மார்கழிக்கு முன் பாயின் கடைக்கு வந்த இளைஞர்கள் வழியாக மோட்டார் சைக்கிள் சங்கம் ஒன்று நடத்தும் நெடுந்தூரப் பயணம் பற்றி அண்ணன் அறிந்தார். இருபத்து நான்கு மணி நேரத்தில் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். புறப்படும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் பெட்ரோல் ரசீது, அதில் அச்சான நேரம், ஒரு சாட்சியின் கையெழுத்து. வழியில் நிற்கும் இடங்களிலும் ரசீது. கைப்பேசியில் பயணப் பாதை பதிவாகிக்கொண்டே இருக்க வேண்டும். சரியாக இருந்தால் சங்கத்திலிருந்து ஒரு சான்றிதழ் வரும்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. பாய்க்குச் சம்மதமில்லை.

"இந்த வயசுல இன்னாத்துக்கு மாமு இந்த பேஜாரு? போறதுன்னா தை பொறக்கட்டும். மார்கழில ரோடே தெரியாது."

"மார்கழிலதான் போவணும்."

"சர்டிபிகேட்ட வச்சு இன்னா பண்ணப் போற? நாக்கு வழிக்கவா?"

"ஒரு நாள் பூரா ஒருத்தன் முழிச்சிகினு இருந்தான்னு எவனோ ஒருத்தன் எழுதிக் குடுக்கட்டும், பாய். அது போதும்."

பாய் இரண்டு வாரம் வண்டியைப் பிரித்துச் சேர்த்தார். சாட்சி யார் என்றபோது அண்ணன் என்னைக் கை காட்டினார். "பொய் எழுதாத கை அதுதான்."

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள பெட்ரோல் பங்க்கில் ரசீது அச்சான நேரம் காலை ஒன்பது. மணலி வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, விஜயவாடா, ராஜமகேந்திரி, விசாகப்பட்டினம். அங்கே திரும்பி அதே வழியில் வர வேண்டும். ரசீதுகள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. ஒன்பது ரசீதுகள். எட்டிலும் நேரமும் தூரமும் சரியாகப் பொருந்துகின்றன. திட்டமிட்டதைவிடச் சற்று முன்னதாகவே அண்ணன் வந்துகொண்டிருந்தார். எட்டாவது ரசீது நாயுடுபேட்டையில், மறுநாள் காலை ஆறு முப்பத்து நான்குக்கு. அங்கிருந்து எனக்கு போன் செய்தார்.

"தூக்கம் வருதா, அண்ணே?"

"இல்லம்மா. கண்ணு கண்ணாடி மாதிரி கீது. பனிதான் ஜாஸ்தி."

நான் வீட்டிலிருந்தபடி கைப்பேசி வரைபடத்தில் அவர் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடா ஊரைத் தாண்டியதும், ஏழரை மணிக்கு, புள்ளி நெடுஞ்சாலையை விட்டு விலகியது. கிழக்கே ஒரு சிறிய சாலையில் சென்று பழவேற்காட்டு ஏரியின் ஓரத்தில் நின்றது. மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பிறகு புள்ளி மெதுவாக நகர்ந்தது, மனிதர் நடக்கும் வேகத்தில். வரைபடத்தில் நீல நிறம் தொடங்கும் கோட்டைத் தாண்டி, கரையிலிருந்து நூறடி உள்ளே போய் நின்றது. இத்தகைய பதிவுகளில் முப்பது மீட்டர் பிழை வருவது உண்டு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு பத்துக்குப் புள்ளி மீண்டும் சாலைக்கு வந்து தெற்கே ஓடத் தொடங்கியது.

பங்க்கில் பாயும் நானும் நின்றிருந்தோம். ஒன்பது அடித்தது. அண்ணன் வந்தபோது ஒன்பது முப்பத்தொன்று.

பங்க்கில் வேலை பார்க்கும் பெண், "அக்கா, நீங்க கையெழுத்து போடற தாள்ல எட்டு அம்பத்தொம்போதுன்னு போட்டுக்கோங்க. ரசீது மெஷின் ரிப்பேர்னு நான் சொல்றேன்" என்றாள். எனக்குக் கை நீண்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "கடிகாரத்துல இன்னா கீதோ அத்த எழுது" என்றார். எழுதினேன்.

பாய் வண்டியைச் சுற்றி வந்தார். "இன்னா மாமு ஆச்சு? நாப்பது நிமிசம் எங்க நின்ன?"

"பஞ்சர்."

"பஞ்சரா? டயர் கல்லு மாதிரி கீது. யாரு ஒட்னது?"

அண்ணன் வண்டியை விட்டு இறங்கினார். அவருடைய கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. நனைந்த இடத்தின் மேல் விளிம்பில் உப்பு காய்ந்து ஒரு வெள்ளைக்கோடு. பாயும் அதைப் பார்த்தார். குனிந்து, கையில் இருந்த துணியால் அண்ணனின் பூட்ஸைத் துடைத்தார். பிறகு அதைப் பற்றி இன்றுவரை கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் தூங்கினார். தெருவில் தண்ணீர் லாரி வந்தது, பக்கத்து வீட்டில் சண்டை நடந்தது; எழவில்லை. அண்ணி மூன்று முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். மாலை எழுந்து, என்னைக் கூட்டிக்கொண்டு பாறைகளுக்குப் போனார். எங்கள் வீடு இருந்த இடத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னிக்கு நான் தூங்கலம்மா."

நான் அவரைப் பார்த்தேன்.

"முழிச்சிகினுதான் இருந்தேன். தண்ணிப் பக்கத்துலேர்ந்து என் பேரச் சொல்லிக் கூப்ட்டுச்சு. தம்பி குரலு. தம்பிதான் முன்னாடி தார்ப்பாய்ல படுத்துகினு கீறானே, இது அதுதான்னு கம்முனு குந்திகினு இருந்தேன். ரெண்டாவது தபா கூப்ட்டுச்சு. மூணாவதுக்கு வெயிட் பண்ணேன். வரல. அப்பா சொன்னது சரிதான்னு நெனச்சேன். பனி போனப்பறம்தான் தார்ப்பாய எடுத்தேன்."

"ஏன் தூங்கிட்டேன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தூங்கிட்டேன்னா அம்மா என்னத் திட்டும். அவன் ரெண்டு தபா கூப்ட்டான்னு தெரிஞ்சா, அம்மா எப்டிம்மா சோறு துன்னும்?"

பிறகு காலையில் நடந்ததைச் சொன்னார். தடா தாண்டி வரும்போது, பனிக்குள் இடப்பக்கத்திலிருந்து பெயர் கேட்டது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே, தெளிவாக, அதே குரலில். "ஒரே தபா. ஒடனே 'வரேன்டா'ன்னு சொல்லி வண்டியத் திருப்பிட்டேன். தண்ணி வந்துச்சு, எறங்கிட்டேன். நின்னு பாத்தேன்."

"யாராவது இருந்தாங்களா?"

"இல்ல. அப்பால கூப்டவே இல்ல." பிறகு, "பதிலு கெடச்சிட்டா எதுக்குமா திரும்பக் கூப்புடணும்?" என்றார்.

இருபத்திரண்டு மணி நேரம் தூங்காத மூளை இல்லாத குரலைக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். அத்தகைய செய்திகளை நானே திருத்தியிருக்கிறேன். அவர் அங்கே நின்றிராவிட்டால் எட்டு ஐம்பத்தொன்றுக்கு வந்திருப்பார் என்பதும் தெரியும். சான்றிதழ் வரவில்லை. அண்ணன் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. பாறைகளிலிருந்து எழுந்தபோது, "நான் உசுரோட இருக்க சொல்லோ இத்த யாருக்கும் சொல்லாத. போனப்பறம் எழுது" என்றார். அம்மா அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்கள். என்றாலும் அப்படித்தான் சொன்னார்.

அன்று முதல் அவர் ஒவ்வொரு நாளும் தூங்கினார். அடுத்த ஐப்பசியில் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது, முற்றியிருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கே போய்விடலாம் என்றார். மார்கழி பிறந்து சில நாட்களில் பேச்சு நின்றது. இரண்டு நாள் கண் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி சுமாருக்கு நான் கட்டிலருகே இருந்தேன். அண்ணி அடுக்களையில் இருந்தார். தெருவிலிருந்து யாரோ அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு முறை. மூச்சு வாங்கும் குரல். அண்ணன் கண் திறக்காமல், நல்ல தெளிவாக, "வரேன்டா" என்றார்.

நான் வாசலுக்கு ஓடினேன். தெரு முழுவதும் பனி. எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "உள்ள சொல்லும்மா, உங்க அண்ணன யாரோ கூப்டுகினு கீறாங்க" என்றார். யார் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து தெருவின் இரு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. உள்ளே திரும்பி வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை. கேட்டதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கட்டிலைத் தூக்கி மாடியிலிருந்து கீழே இறக்கித் தந்த சரக்கு முற்றத் தோழர்களுக்கும், இருபது நாள் வெந்நீர் வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், வண்டியை இன்றும் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கும் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இறுதி நாளில் தோள் கொடுத்த குப்பத்துப் பெரியவர்களுக்கும் நன்றி. அவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: பஞ்சாயத்தில் அன்று பதிவான அந்த ஒரு வார்த்தையைத் திருத்திக்கொள்ளுங்கள். அண்ணன் தூங்கவில்லை.

நினைவு நாள் காலை அனைவரும் பாறைகளுக்கு அருகே கூடுவோம். கடலைப் பார்த்து நின்று மூன்று முறை பெயர் சொல்லி அழைப்பது நம் வழக்கம். இம்முறை ஒரு முறை மட்டும் அழைத்தால் போதும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றும் பனி இருக்கும். பதில் வந்தால் யாரும் அஞ்ச வேண்டாம்.

— தங்கை