அறைச் சூட்டில்

அம்மா ஓடெட் கோமோ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றைத்தான் தேடினாள்: லித்தியம் அயனி தடையில்லாமல் ஓடக்கூடிய திடப்பொருள். அது கிடைத்தால் பேட்டரிக்குள் தீப்பிடிக்கும் திரவம் வேண்டாம். கணினியில் ஆயிரக்கணக்கான படிகங்களைச் சலித்தாள். ஒன்றும் தேறவில்லை.

எங்கள் வீடு கனடாவின் டார்ட்மத்தில். துறைமுகத்தைப் படகில் கடந்து ஹாலிஃபாக்ஸ் ஆய்வகத்துக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, கோழி சேர்த்து, ராப்பி என்ற எங்கள் ஊர்ப் பண்டம் சுடுவாள். பிழிவது என் வேலை. ஒரு நாளும் அவளுக்குத் திருப்தி வந்ததில்லை.

அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் உலைகள் என் பொறுப்பு. மேலே அம்மாவின் குழு கணினியில் கணித்துத் தருவதை நாங்கள் சுட்டு, வில்லையாக அழுத்தி, அயனி ஓடுகிறதா என்று அளப்போம்.

"உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் எல்லாம் ஓடுதும்மா," என்பேன்.

"நீ கருக்கிட்டு என்னைச் சொல்லாதடி."

போன இலையுதிர் காலத்தில் அம்மாவுக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். அந்த வாரம்தான் ஒரு குளோரைடு அவள் சல்லடையில் தங்கியது.

"இது ஓடும். சீக்கிரம் சுடு. பாத்துட்டுப் போறேன்."

சுட்டேன். சூட்டில் லித்தியம் அவள் சொன்னபடியே ஓடியது. ஆறும்போது சட்டென்று நின்றது. வேகமாகக் குளிர வைத்தேன். மறுபடி அரைத்தேன். உலையை மாற்றினேன். நின்றது.

பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். அறைச் சூட்டில் லித்தியம் அபூர்வமாகத்தான் இடம் தாவும். அதைக் கணினியில் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் எல்லாரும் கணினியில் உலைச் சூட்டில் சில புள்ளிகள் எடுத்து, கீழே அறைச் சூட்டிலும் அதே போக்குதான் என்று நேர்கோடு இழுப்பார்கள். அம்மாவும் இழுத்தாள். ஆறியதும் லித்தியம் வரிசை கட்டி வழியை அடைத்துக்கொண்டது. கோட்டுக்கு அது தெரியாது.

மருத்துவமனைக்குப் போனேன். அவளோடு மேல்தளத்தில் வேலை செய்யும் வெண்டல் பக்கத்தில் இருந்தார்.

"ஓடுதும்மா."

கண் திறந்தாள். "எந்தச் சூட்டுல?"

போர்வையைச் சரிசெய்தேன்.

"ஏய் ரெனெல், கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"உலைச் சூட்டுல."

"இந்த ரூம் சூட்டுல?"

"இல்லம்மா."

"இந்த ரூம்ல ஹீட்டரே ஓடல ஓடெட்," என்றார் வெண்டல். "பாவம், அது என்ன பண்ணும்?"

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. அடங்கியதும் சொன்னாள்: "கோட்டை நேரா இழுத்துட்டேன். கம்ப்யூட்டர்ல அறைச் சூட்டுலயே ஒரு தடவை ஓட விடு, வெண்டல். எங்க அடைக்குதுன்னு என் கண்ணால பாக்கணும்."

"ஆறு வாரம் ஆகுமே."

"நான் எங்கயும் போகல."

சொட்டு மருந்து மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வெண்டல் அன்றே தொடங்கிவிட்டார். காலையில் போனதும், "தாவிச்சா?" என்பாள். "இன்னும் இல்லம்மா." பிறகு கேட்பதை நிறுத்தினாள். ஒரு வியாழக்கிழமை போய்விட்டாள். எங்கள் சொந்த ஊர் சர்ச் பாயின்ட்டில், அவளைப் புதைக்க உறைந்த மண்ணை இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள்.

திங்கட்கிழமை வெண்டல் கீழே இறங்கி வந்தார், கையில் மடிக்கணினி. திரையில் லித்தியம் அணுக்கள் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றும் தாவவில்லை.

"இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. கம்ப்யூட்டர் வேணும்னு மத்தவங்க வரிசையில நிக்கிறாங்கம்மா. இது எங்க போய் முடியும்னு உனக்கும் தெரியும். நிறுத்திடவா?"

"இன்னைக்கு வேணாம்," என்றேன்.