சிவப்புக் காரின் அடிச்சட்டம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை ஒரு கம்பிவடம்தான் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த வடத்தைத் தினமும் பார்த்து, சரியாக இருக்கிறது என்று புத்தகத்தில் கையெழுத்துப் போடும் ஃபிட்டர்களில் முனிரத்தினமும் ஒருவர். முதல் ஷிப்டு இறங்குவதற்கு முன் வடத்தை மெதுவாக ஓடவிட்டு, அதைச் சுற்றி ஒரு கைப்பிடி பஞ்சு நூலை வைத்துப் பிடித்துக்கொள்வார். எங்காவது ஓர் இழை அறுந்து துருத்திக்கொண்டிருந்தால் நூல் அதில் மாட்டும். மாட்டினால் அன்றைக்கு கேஜ் ஓடாது. யார் வந்து கத்தினாலும் ஓடாது.

1956இல் சுரங்கங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது, வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் மூட்டை கட்டினார்கள். அவர்களுடைய கார்கள் உள்ளூரில் விலைக்கு வந்தன. வாங்க ஆசைப்பட்டவர்களுக்கு காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர்தான் முதலில் முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போனார். முனிரத்தினம் பார்த்துவிட்டு, "கீர்பாக்ஸ் தாங்காது, வேணாம்" என்றார். வேறொருவர் அந்தக் காரை வாங்கினார். பத்தே நாளில் கீர்பாக்ஸ் உடைந்து, கார் மாட்டு வண்டியில் கட்டி இழுத்துவரப்பட்டது. அதற்குப் பிறகு கோலார் தங்கவயலில் யார் பழைய கார் வாங்கினாலும் முனிரத்தினம் வந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அதற்கு அவர் கூலி வாங்குவதில்லை. ஒரு டீ குடிப்பார். இரண்டு பக்கமும் கேட்கும்படி உள்ளதைச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

1967இல் சிரிலின் சிவப்புக் கார் விலைக்கு வந்தது.

சிரில் சுரங்கத்தின் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர். முனிரத்தினமும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சிரில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். அவரிடம் விற்பதற்கு இருந்த ஒரே பெரிய பொருள் அந்தக் கார்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். நான்கு வருஷத்துக்கு முன் மதராஸில் ஒரு கார் பந்தயக்காரரிடமிருந்து அதை வாங்கியிருந்தார். சோழவரம் பந்தயத்துக்காக அந்த ஆள் காரின் சொந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு பெரிய அமெரிக்க எஞ்சினைப் பொருத்தியிருந்தார். அகலமான சக்கரங்கள், புதிய கார்பரேட்டர்கள், தடித்த புகைக்குழாய். அது தங்கவயலின் பாலகாட் பகுதியில் கிளம்பினால் தொலைவில் இருக்கும் ஆண்டர்சன்பேட்டையில் சத்தம் கேட்கும் என்று ஜனங்கள் சொல்வார்கள்.

வாங்க வந்தவர் துளசிராமன் செட்டியார். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். நாற்பத்திரண்டு வயது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், கார் அரைகுறை. சிரிலின் கார் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அளந்துகொண்டிருக்கும் துணியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். சிரில் எட்டாயிரம் கேட்டார். துளசிராமன் பேரம் பேசக்கூட இல்லை. "முனிரத்தினம் மேஸ்திரி பாத்து சரின்னா சரி" என்று மட்டும் சொன்னார்.

பார்ப்பதாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம், துளசிராமனின் மனைவி ராஜம் முனிரத்தினத்தின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டுக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேஸ்திரி, அந்த வண்டி நல்லால்லன்னு சொல்லிடுங்க."

"இன்னாத்துக்கும்மா?"

"அவருக்கு நிதானம் இல்ல. ஸ்கூட்டர்லயே ரெண்டு தபா விழுந்துட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

முனிரத்தினம் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "இல்லாத கொறைய நான் சொல்ல மாட்டேம்மா. இருக்கறத மறைக்கவும் மாட்டேன். நீங்களும் நாளைக்கி வாங்க. பக்கத்துல நின்னு பாருங்க."

ராஜத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முன்பே, அன்று மத்தியானம் ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது, சிரில் சுரங்கத்தின் கேட்டருகில் காத்திருந்தார். முனிரத்தினத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்.

"முனி, நாளைக்கி கொஞ்சம் நல்லா சொல்லு மேன். கப்பல் டிக்கெட்டே அந்தக் கார்லதான் கீது."

"வண்டி நல்லா இருந்தா நல்லாத்தான் சொல்வேன்."

"அது நல்ல வண்டி மேன். எனக்குத் தெரியாதா?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது முனிரத்தினத்துக்குத் தெரியும். அதுவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. வேண்டியவர் விற்கும் பொருளைப் பார்க்கப் போவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு சிரில் வீட்டு முன்னால் கார் பளபளவென்று நின்றது. துளசிராமனும் ராஜமும் முன்பே வந்திருந்தார்கள். முனிரத்தினம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து முதலில் பானெட்டின் மேல் கையை வைத்தார். சூடாக இருந்தது.

"காலைல ஸ்டார்ட் பண்ணியா?"

"கொஞ்சம் ஓடட்டும்னு..."

"ஆறட்டும். சில்லுனு கீறப்ப ஸ்டார்ட் பண்ணாத்தான் எஞ்சின் எப்படின்னு தெரியும்."

எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் முனிரத்தினம் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். முன்பக்க டயர்களின் எதிரே குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினார். வலது டயர் சீராகத் தேய்ந்திருந்தது. இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தது. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அதில் இருந்தது பழைய எஞ்சினின் நம்பர்.

"கழட்டின எஞ்சின் எங்க?"

"ஷெட்ல, சாக்கு போத்தி வெச்சிருக்கேன். எதுக்கு அது? குப்பை."

"இருக்கட்டும். தூக்கிப் போடாத."

எஞ்சின் ஆறியதும் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரே திருப்பில் உறுமிக்கொண்டு எழுந்தது. புகை இல்லை, தட்டல் இல்லை. முனிரத்தினத்தின் முகம் மலர்ந்ததைப் பார்த்து துளசிராமன் ராஜத்தைத் திரும்பிப் பார்த்தார். சிரில் ஓட்ட, முனிரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்து பாலகாட் சாலையில் போனார்கள். தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண்மேட்டைத் தாண்டி சாலை நேராக இருக்கும் இடத்தில், "ஸ்டீரிங்க விடு" என்றார். சிரில் கையை எடுத்தார். கார் இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது.

"ரோடு சரிவு மேன்" என்றார் சிரில்.

"திரும்பி வர்றப்பவும் விட்டுப் பாரு."

திரும்பி வரும்போதும் இடப்பக்கமே இழுத்தது; சரிவு காரணமென்றால் இப்போது வலப்பக்கம் இழுத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முனிரத்தினம் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். கையில் சின்னச் சுத்தியல். அடிச்சட்டத்தின் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங் என்று வந்த சத்தம் எஞ்சினைத் தாங்கும் இடத்தில் மட்டும் மொத்தையாக விழுந்தது. அங்கே கறுப்புப் பெயின்டும் மற்ற இடத்தைவிடத் தடிப்பாக இருந்தது. பெயின்டைச் சுரண்டினார். அடியில் வெல்டிங் தெரிந்தது. பெரிய எஞ்சினுக்கு இடம் போதாமல் மதராஸில் யாரோ சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.

வெளியே வந்து மண்ணெண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் கேட்டார். சுரங்கத்தில் கேஜின் கொக்கிகளைச் சோதிப்பது இப்படித்தான். இரும்பில் மண்ணெண்ணெய் பூசிவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். பிறகு சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையின் மேல் கோடாகத் தெரியும். விரிசல் இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

பூசித் துடைத்துத் தூவிவிட்டு எல்லாரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கால் மணி நேரம் ஆவதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு எழுந்தது.

"அது துடைக்காம விட்ட எண்ணெய்" என்றார் சிரில். குரல் உயர்ந்தது. "நீ செட்டியாருக்காக விலையக் கொறைக்கறே. இத்தன வருஷம் பழகிட்டு இன்னா மேன் இது?"

முனிரத்தினம் கோபப்படவில்லை. துணியையும் மண்ணெண்ணெய் டப்பாவையும் அவர் கையில் கொடுத்தார். "நீயே பண்ணிப் பாரு."

சிரில் காருக்கு அடியில் போனார். அழுத்தி அழுத்தித் துடைத்தார். மறுபடியும் எண்ணெய், மறுபடியும் துடைப்பு, மறுபடியும் சுண்ணாம்பு. அப்படியே மல்லாந்து படுத்தபடி காத்திருந்தார். வெளியே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தபோது முகத்தில் கோபம் இல்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன மாசம் என் வைஃப் டோரீனையும் அவ மடில பாப்பாவையும் ஒக்கார வெச்சி பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றார். "எழுபது மைல் ஸ்பீடு. பாப்பா இன்னும் வேகமாப் போ டாடின்னு சொன்னா."

ராஜம் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிவந்து அவரிடம் நீட்டினார்.

சற்றுப் பொறுத்து துளசிராமன் மெதுவாகக் கேட்டார். "அப்ப எட்டாயிரம் பெறாதா மேஸ்திரி? அவரு எவ்ளோ செலவு பண்ணிருக்காரு. கார்பரேட்டர், சக்கரம், எல்லாம்..."

"போட்ட காசெல்லாம் விலையாகாது செட்டியாரே. அது சிரில் பட்ட சந்தோஷம். அத அவரு அனுபவிச்சிட்டாரு. நாளைக்கி ஒரு சாமான் ஒடஞ்சா உங்களுக்கு எங்க கெடைக்கும்? யாரு மாட்டுவாங்க? அத வெச்சித்தான் விலை. இன்னிக்கி கீற மாதிரி இந்த வண்டிக்கி விலையே இல்ல. யாரும் இதுல ஏறக் கூடாது."

சிரில் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனா பிரிச்சா விலை கீது" என்று முனிரத்தினம் தொடர்ந்தார். "எஞ்சின் தங்கமா கீது. பெங்களூர்ல பந்தயக்காரங்க ரெண்டாயிரத்துக்குக் கொறையாம எடுத்துப்பாங்க. பாடி நல்லா கீது. சேசிஸ்ல அந்த எடத்த வெட்டித் தட்டு வெச்சி வெல்டு பண்ணி, ஷெட்ல கீற பழைய எஞ்சினப் போட்டா, ஆர்.சி. புத்தகத்துல கீற வண்டியா ஆயிடும். அப்ப மூவாயிரத்தி ஐநூறு தரலாம். ஓடும், ஆனா பறக்காது."

துளசிராமன் முகம் வாடிவிட்டது. அவர் ஆசைப்பட்டது அந்த உறுமலுக்குத்தான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பத் திரும்பினார். ராஜம் நகரவில்லை.

"மேஸ்திரி, நீங்களே ரிப்பேர் பண்ணுவீங்களா?"

"வெல்டிங்குக்கு ஆபிரகாம் வருவாரு. மத்தது நானும் சிரிலும் பாத்துக்குவோம்."

"அப்படின்னா பண்ணுங்க. நாங்க எடுத்துக்கறோம்."

துளசிராமன் மனைவியை நம்ப முடியாமல் பார்த்தார். ராஜம் அவரிடம் சொன்னார்: "நான் வேணாம்னு சொன்னாலும் நீங்க ஒரு வண்டிய வாங்கத்தான் போறீங்க. அது எந்த வண்டியா இருக்கும்னு எனக்குத் தெரியாது. இதோட அடிவயிறு வரைக்கும் பாத்தாச்சி."

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. பெரிய எஞ்சினைக் கழற்றி இறக்கியதும் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் சிரிலுக்குக் கொடுத்த விலை முனிரத்தினம் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆபிரகாம் சட்டத்தைப் பிரித்து, இரண்டு பக்கமும் தட்டு வைத்து ஒட்டினார். ஒவ்வொரு ஒட்டையும் முனிரத்தினம் சோதித்தார். முதல் ஒட்டு சரியில்லை என்று உளியால் வெட்டி எறியச் சொன்னபோது ஆபிரகாமுக்குக் கோபம் வந்து ஒரு வாரம் வரவில்லை. பிறகு வந்தார். சிரில் பழைய எஞ்சினைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கழுவினார். வேலைக்கு நடுவே ஒருநாள், தலையை நிமிர்த்தாமலே, "அன்னிக்கி சொன்னது தப்பு முனி" என்றார். முனிரத்தினம் "அரை இஞ்சு ஸ்பேனர் குடு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ராஜம் ஞாயிறுதோறும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்று என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். எந்த நட்டு எங்கே போகும் என்பது கடைசியில் துளசிராமனைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

கார் கைக்கு வந்த முதல் வாரமே துளசிராமன் அதைக் கடையின் எதிர்ச் சுவரில் இடித்தார். விளக்கு ஒன்று உடைந்தது, மனமும் உடைந்துவிட்டது. ஓட்டுவதற்கே பயந்தார். சிரில் கப்பலேற இன்னும் இரண்டு வாரம் இருந்தது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அவர் மண்மேட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் ராஜத்துக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ராஜத்துக்கு அவசரம் என்பதே கிடையாது. கிளச்சைக் குழந்தையின் கையை விடுவதுபோல விடுவார். சிரில் முனிரத்தினத்திடம், "இந்த அம்மா என்னவிட நல்லா ஓட்டுது மேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரில் குடும்பம் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறிய அன்று அவர்களுடைய பெட்டிகளைச் சிவப்புக் காரில் மூன்று நடையாக ஏற்றிக்கொண்டு போனது ராஜம்தான். பிளாட்பாரத்தில் சிரில் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுக்கப் பார்த்தார். முனிரத்தினம் வாங்கவில்லை. "அங்க போயி லெட்டர் போடு" என்றார். வருஷத்துக்கு ஒன்றாகக் கடிதம் வந்துகொண்டிருந்தது.

ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மனைவி கூரையில்லாத சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் போவதை ஜனங்கள் ஆரம்பத்தில் நின்று பார்த்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். சில மாதங்களில் பழகிவிட்டது. ஞாயிறு மாலைகளில் ராஜம் ஓட்ட, துளசிராமன் பக்கத்தில் தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இருவரும் பேத்தமங்கலம் ஏரிக்கரைக்குப் போவார்கள். சாலையில் தெரிந்தவர்களைக் கண்டால் துளசிராமன்தான் ஹாரனை அடிப்பார். அது மட்டும் தன் வேலை என்று ராஜத்திடம் அவர் கேட்டு வாங்கியிருந்தார்.