பத்தாயத்துக்குள் போன பாட்டு

என் அப்பா சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. கட்சிக் கூட்டங்களில் கேட்ட பேச்சையெல்லாம் மனத்தில் இருத்திக்கொண்டு கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். ஆனால் கிழக்கே நாகப்பட்டினம் போகிற வழியில் ஒரு கிராமத்திலிருந்து வந்து மாரியம்மன் பாட்டுப் பாடுகிற ஓர் அம்மாளின் குரல் காதில் விழுந்துவிட்டால் போதும், சைக்கிளை விட்டு இறங்கி, பாட்டு முடிகிறவரை சாலையோரம் நிற்பார். சாமிக்காக நிற்கவில்லை, குரலுக்காக நிற்கிறேன் என்று கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்வார்.

அந்த அம்மாளை ரிக்கார்டு கம்பெனிக்காரர்கள் மெட்ராசுக்கு அழைத்துப்போய், பாட்டைச் சின்ன இசைத்தட்டாகப் போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று.

அதற்குக் காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி. கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தார். நாடக மேடையிலிருந்து வந்த வேறொரு பாடகருக்கு அவர் ரசிகர். மச்சானும் மாப்பிள்ளையும் சந்தித்துக்கொண்டால் முதலில் குரலைப் பற்றித்தான் பேசுவார்கள். யாருக்கு உச்சத்தில் பிசிறு தட்டுகிறது, யாருக்கு வார்த்தை சுத்தம் என்று சண்டை நடக்கும். கேட்க நன்றாகவே இருக்கும். போகப்போக அந்தப் பேச்சு நின்றுபோய், யாருடைய ரிக்கார்டு அதிகம் விற்றது என்பது மட்டும்தான் மிச்சமிருந்தது. தேர்தலில் ஜெயித்த கட்சிதான் நல்ல கட்சி என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. பாட்டுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

"மச்சான், கும்மோணத்துக் கடையில போயி கேட்டுப்பாருங்க. உங்க பாட்டுக்கார அம்மா ரிக்கார்டு தூசி பட்டுக் கெடக்கு" என்று ஒருநாள் மாமா சொல்லிவிட்டார்.

அப்பா அன்று சோறு சாப்பிடவில்லை. நன்றாக விற்றால்தான் கம்பெனி அந்த அம்மாளை இரண்டாவது தட்டுக்குக் கூப்பிடும் என்று கடைக்காரர் வேறு சொல்லியிருந்தாராம். அதற்கப்புறம் உரம் வாங்கப் போகிறேன், மண்வெட்டிக்குப் பிடி போடப் போகிறேன் என்று எதையாவது சொல்லிக் கும்பகோணம் போவதும், பையில் கனமாக எதையோ கொண்டுவருவதுமாக இருந்தார். கடையில் இருந்த தட்டெல்லாம் தீர்ந்தது. கடைக்காரர் இன்னும் வரவழைத்தார். அப்பா அதையும் வாங்கினார். அம்மாவின் காதில் தோடு இருந்த இடத்துக்கு வேப்பங்குச்சி வந்தது. அம்மாவுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் சத்தம் போட்டன.

வாங்கியதெல்லாம் மாமா கண்ணில் பட்டால் மானம் போய்விடும். ஆகவே அறுவடைக்கு முன்னால் காலியாக இருந்த நெல் பத்தாயத்தின் அடியில், சாக்கில் சுற்றி அடுக்கிவைத்தார். அந்த ஆளுயர மரப்பெட்டிக்குள் என்னை இறக்கித்தான் அடுக்கினார் என்பதால் எனக்கும் ரகசியம் தெரியும். எங்கள் வீட்டில் கிராமபோன் கிடையாது. ஒரு தட்டைக்கூட நாங்கள் சுழலவிட்டுப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. அந்த அம்மன் பாட்டைத்தான் எல்லாத் திருவிழாவிலும் நேரில் கேட்டாயிற்றே.

கடைவாசல் கரும்பலகையில் அந்த அம்மாளின் தட்டுத்தான் அதிகம் விற்றது என்று சாக்கட்டியால் எழுதிப்போட்ட அன்று, அப்பா மாமாவைப் பேருந்தில் ஏற்றிக் கூட்டிப்போய்க் காட்டினார். மாமா நெடுநேரம் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்திலேயே திரும்பி வந்தாராம். நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அந்த வருஷம் குறுவை அறுப்பில் தகராறு வந்தது. வயலில் வேலை செய்த ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் முடியாது என்றார்கள். அப்பா குத்தகைக்குப் பயிரிட்ட சின்ன சம்சாரிதான், ஆனாலும் மிராசுதார்கள் பக்கம் நின்றார். மேற்கேயிருந்து அறுப்புக்கு லாரியில் வெளியாட்கள் வந்தார்கள், காவலுக்குப் போலீஸ் வந்தது. எங்கள் வயலில் நட்ட ஆண்களும் பெண்களும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முகம் தெரியாதவர்கள் எங்கள் நெல்லை அறுத்தார்கள். எனக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுத்த ஆயி ஒருத்தி அந்த வரப்பில் இருந்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்காததுபோல் இருந்தாள்.

இத்தனை இழுபறியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காயவைக்க நேரமும் இல்லை, களத்தில் விட்டுவைக்கத் துணிச்சலும் இல்லை. ஈர நெல்லை அப்படியே கொண்டுவந்து பத்தாயத்தில் கொட்டினார்கள். அடியில் இருந்த சாக்கை யாரும் நினைக்கவில்லை.

மழை சற்று ஓய்ந்த ஒரு பகலில் அந்த அம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மேடையில் பட்டுப்புடவையில் பார்த்தவர், அன்று நனைந்த நூல்புடவையில் இருந்தார். அப்பா மேல்துண்டைத் தேடிக் கூடத்துக்கும் திண்ணைக்கும் அலைந்தார். அம்மாதான் உள்ளே வாங்க என்று கூப்பிட்டாள். அவர் தயங்கி, எங்கள் முகங்களைப் பார்த்து, பிறகுதான் படியேறினார்.

"கும்மோணத்துக் கடையில சொன்னாங்கய்யா. ரிக்கார்டு ஒன்னுகூட இல்ல, இந்த ஊருலேருந்து நீங்கதான் வந்து வந்து வாங்கிட்டுப் போனீங்கன்னு. எனக்கு ஒன்னே ஒன்னு வேணும். கம்பெனியில குடுத்தத ஊர்ல யாரோ கேட்டு வாங்கிட்டுப் போயி ஒடச்சிட்டாங்க."

"எங்க ரிக்கார்டுதான் மொதல்ல வந்திருக்கு" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அவர் என் தலையைத் தொட்டார். "ஆமா தாயி, சொன்னாங்க. இத்தனை ரிக்கார்டு வித்திருக்கே, பின்பக்கத்துப் பாட்டைக் கேட்டேன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் சொல்லல."

"பின்பக்கமா?" என்றார் அப்பா.

அது அந்த அம்மாளுடைய தம்பியின் பாட்டு. நடவில் அவன் பாடுவது. போன வருஷம் அவர்கள் பக்கத்து அறுப்புத் தகராறில் அவனை அடித்துக் கொன்றுவிட்டார்கள். முன்பக்கம் அம்மன் பாட்டைப் பாடிக்கொடுத்தால் பின்பக்கம் எதை வேண்டுமானாலும் பாடு என்று கம்பெனியில் சொன்னார்களாம். அவர் தம்பியின் பாட்டைப் பாடினார்.

"வர்ற வெள்ளிக்கெழம அவனுக்கு வருசம் திரும்புதுங்க. கொழாய் ஸ்பீக்கர் கட்டி அந்தப் பாட்டைப் போடணும்னு சனங்க ஆசப்படுது. என்னையே பாடச் சொல்றாங்க. எடுத்தா ரெண்டு வரிக்கு மேல போக முடியல. அன்னிக்கு அந்த ஒரு தடவ பாடுனதோட சரி."

அப்பா பத்தாயத்தின் மேல் ஏறினார். மூடியைத் திறந்ததும் அவிந்த நெல்லின் வாடை வீடு முழுக்க வந்தது. கூடையால் அள்ளி அள்ளிக் கூடத்தில் கொட்டினார். உள்ளே கையை விட்ட நான் சுடுகிறது என்று கையை இழுத்துக்கொண்டேன். ஈர நெல் குவிந்தால் உள்ளுக்குள் வேகும் என்பது விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சாக்கை வெளியே எடுத்துப் பிரிக்கிறவரை அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

எல்லாத் தட்டுகளும் பொரித்த அப்பளமாக வளைந்து நெளிந்து கிடந்தன. அப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தார். அந்த அம்மாள் ஒன்றை வாங்கி மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் மெல்ல அழுத்தி நிமிர்த்தப் பார்த்தார். அது நிமிரவில்லை. அவர் அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது அம்மா சொன்னாள்: "என் தம்பிகிட்ட ஒன்னு இருக்கு."

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நாங்கள் பின்னால் போனோம்.

மாமா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அப்பாவைச் சீண்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்யவில்லை. "குத்தம் கண்டுபிடிக்கணும்னுதாம்மா மொதமொதல்ல வாங்கினேன். பின்பக்கத்தைப் போட்டப்பறம் விட முடியல. தெனமும் கேக்குறேன்" என்றார். அந்த அம்மாளின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அத்தனை தட்டு விற்றதற்கு வராத சந்தோஷம் அது.

மாமா கடையில் வைத்திருந்த கிராமபோனில் பின்பக்கத்துப் பாட்டைப் போட்டார். மேளம் இல்லை, வெறும் குரல். நாற்றுப் பறித்தோம், சேற்றில் நின்று நட்டோம், கதிர் முற்றித் தலைசாய்ந்த நாளில் அரிவாளோடு வருகிற இவர்கள் யார், நட்ட கைக்கு ஒரு பிடி இல்லையா என்று கேட்கிற பாட்டு. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் இருந்தது. மாமாவின் உதடுகள் கூடவே அசைந்தன, அவருக்கு எல்லா வரியும் பாடமாகியிருந்தது. அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து பார்த்தபோது அப்பா கடைக்குள் இல்லை. வெளியே தூறலில் நின்றுகொண்டிருந்தார், கண் சிவந்திருந்தது.

மாமா தட்டை ரவிக்கைத் துணியில் சுற்றி அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டார். பேருந்து ஏறும்போது அவர் அப்பாவைப் பார்த்தும் கும்பிட்டார். அப்பாவுக்குக் கை எழவில்லை.

தட்டெல்லாம் பாழானதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, திரும்பி வரும் வழியில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்கப்பா. மாமாகிட்ட இருந்தது ஒன்னுதான். நாமதானே நெறைய வாங்கினோம், நாமதான் ஜெயிச்சோம்" என்றேன். அப்பா நடையை எட்டிப்போட்டார். வீடு வந்ததும் என்னை வாசலில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, வாய்க்கால் கரையோரமாக நடந்தார். அந்தப் பக்கம் எங்கள் வயலில் நட்டவர்களின் தெரு மட்டும்தான் இருக்கிறது. அறுப்பு முடிந்துபோன பிறகு, மழையில் நனைந்துகொண்டு, அங்கே அவருக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.