கடைசிப் பன்னிரண்டு கட்டைகள்

ஐம்பத்தெட்டு வயதில் சொந்தப் பியானோவுக்கு முகப்பவுடர் தூவிவிட்டு, கதவிடுக்கில் நின்று வேவு பார்த்த முட்டாள் நான்தான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இன்னும் விரிவாகச் சொல்வாள்.

கோலாலம்பூரில் எனக்கொரு தனிக் கச்சேரி இருந்தது. இரண்டு வருஷமாக யாரும் கூப்பிடாத பிறகு வந்த கச்சேரி. இதில் சொதப்பினால் இனி கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டியதுதான். அதற்கும் என்னைவிட நன்றாக வாசிக்கிறவர்கள் சிரம்பானில் நிறைய இருக்கிறார்கள். கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வீட்டுப் பியானோவின் வலது கோடியில், கடைசிப் பன்னிரண்டு கட்டைகளில் நாதம் இல்லை. பலகையைத் தட்டுவதுபோல் டொக் டொக் என்றன.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது, சுருதி சேர்க்க வருகிறவன்மேல்.

அவனுக்கு வாரநாட்களில் சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை, சனிக்கிழமைகளில் பியானோ வேலை. நாங்கள் இருவரும் கோலா சாவா பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவன் அப்பா பால் மரம் வெட்டினார், என் அப்பா கணக்கெழுதும் கிராணி. காலையில் பால் வாளிகள் வரிசையாக வந்து நிற்கும். யார் தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்று அப்பா ஒவ்வொரு வாளியாக முறைப்பார். தேவாலயத்துப் பழைய பியானோவில் தொடங்கி, உபகாரச் சம்பளத்தில் லண்டன் போய்ப் படித்து, ஏழெட்டு நாட்டு மேடைகளில் வாசித்து என்ன பயன்? அந்த முறைப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் பவுடர் சோதனை. அவன் கடைசிக் கட்டைகளைத் தொடாமலே போகிறானோ என்று பார்க்க அவற்றின்மேல் மெல்லிசாகத் தூவினேன். அவன் வந்து வேலையை முடித்தபோது பன்னிரண்டு கட்டைகளிலும் விரல் தடம் இருந்தது.

"அண்ணே, பியானோவுக்கு வேர்க்குருவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

அடுத்து, கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கினேன். ஒவ்வொரு கட்டைக்கும் முள் நட்டநடுவில் நின்று பச்சை காட்டியது. எனவே கைப்பேசியைச் சந்தேகித்தேன். மலிவு விலைக்கு வாங்கியது, அது எதைத்தான் ஒழுங்காகச் சொல்லும்?

அதற்கடுத்த சனிக்கிழமை குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் கிசுகிசு கேட்டது. நல்லவேளை, அவனுக்குக் கட்டைக்குரல். அவள் கிசுகிசுத்தாலும் தெருவுக்கே கேட்கும்.

"போதுமா அண்ணி? இதுக்கு மேல போட்டா கல்லு மாதிரி ஆயிரும்."

"இன்னும் கொஞ்சம் போடு தம்பி. அவருக்குத் தெரிய வேணாம்."

என் புத்தி எங்கெல்லாம் போனது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. சாப்பாட்டில் விஷமோ என்றுகூடத் தோன்றியது. அவன் கை வைப்பது பியானோவில்தானே என்று உறைத்ததும் நேராகப் போய் அதன் முன்பலகையைக் கழற்றினேன். உள்ளே தந்திகளை அடிக்கிற சின்னச் சுத்தியல்களின் தலையில் கம்பளி ஒட்டியிருக்கும். அது மெத்தென்று இருக்க வேண்டும். வலது கோடியில் மட்டும் பன்னிரண்டு தலைகளும் அரக்கு பூசி விறைத்துப் பளபளத்தன.

"பிடிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

இருவரும் வந்து நின்றார்கள். மனைவி கொஞ்சமும் பயப்படவில்லை. "கத்தாதீங்கலா. பியானோவுக்கு ஒண்ணும் இல்ல. உங்க காதுதான். ஆறு மாசமா அந்தப் பக்கம் உங்களுக்குக் கேக்கல. நான்தான் தம்பிகிட்ட, அரக்கு பூசி சத்தத்தைக் கூர்மையாக்கச் சொன்னேன்."

நான் நம்பவில்லை. உடனே சோதனை வைக்கச் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும், அவள் கடைசிக் கட்டைகளைத் தட்டும்போது நான் கையைத் தூக்க வேண்டும். மூன்று முறை கம்பீரமாகத் தூக்கினேன்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள்.

பிறகு அவள் ஆரம்பித்திருக்கிறாள், முடித்தும் இருக்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கை கீழேயே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் விரல் கட்டையின்மேல் இருந்தது. அவன் தன் கருவிப் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

சிரிக்கப் பார்த்தேன், சரியாக வரவில்லை. கோலாலம்பூர் அரங்கத்துப் பியானோவுக்கு யார் அரக்கு பூசுவார்கள்? அங்கே வலது பக்கம் விரல் போனால், நான் வாசிப்பது எனக்கே கேட்காது.

மனைவி தேநீர் வைக்கப் போனாள். அவன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். பின்னாலேயே போனேன். இத்தனை நாள் அவனைத் திருடன் மாதிரிப் பார்த்துவிட்டு, இப்போது அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று நின்றேன்.

"தம்பி, மறைக்காம சொல்லு. நீ வெளிய உக்காந்து கேக்குறவன். இப்ப நான் வாசிக்கிறது எப்படி இருக்கு?"

தலைக்கவசத்தை மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினான்.

"சத்தமா இருக்குண்ணே."