பதினான்கு அடி

மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பமர நிழலில் சாமியாகவே உட்கார்ந்திருந்தது அந்த எல்லைக்கல். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனிக்கு, உரிமத்துக்காக நிலம் அளந்து வரைபடம் போடப் போயிருந்தேன். இதைவிடப் பழைய கல் எங்கே கிடைக்கும் என்று அதன் தலைமேலேயே அளவுக் கருவியை நிறுத்தினேன். கும்பிட்டுவிட்டுத்தான், அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை.

செயற்கைக்கோள் காட்டும் இடம் எப்போதும் கொஞ்சம் பிசகும். அதனால் இடம் தெரிந்த ஒரு கல்லின்மேல் ஒரு கருவியை நிறுத்துகிறோம். ‘நான் இருப்பது இங்கே, நீ காட்டுவது அங்கே’ என்று அது பிசகைக் கணக்கிட்டு ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும். கோலோடு நடக்கிறவனின் கருவி அந்தத் திருத்தத்தை வாங்கி, விரற்கடை சுத்தமாக இடம் சொல்லிவிடும். கல் தன் இடத்தில் இருக்கும்வரை. இன்னொரு கல்லிலும் சரிபார்த்திருக்க வேண்டும். வெயில், அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். திமிர் என்பதுதான் நிஜம். கிழக்கே அடுத்த கம்பெனியின் அறை இருந்தது. உள்ளே விடவில்லை, அதன் இடத்தைப் பழைய வரைபடத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். இரு கம்பெனி அறைகளுக்கும் நடுவே இடைவெளி விதிப்படி வந்தது, உரிமமும் வந்தது.

சில மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது, வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்க்கும் அக்கா அந்தக் கல்லுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்குள் நெருப்பு ஆகாது என்பதால் சூடம்கூடக் காட்டாத சாமி. “மொதல்ல அங்கன வெயில்ல கெடந்துச்சு தம்பி. சாமி காயுதேன்னு நாங்க பொம்பளைக நாலு பேருதான் பேத்து நெழலுக்குக் கொண்டாந்தோம்” என்றார் பெருமையாக.

அவர் காட்டிய பழைய குழியிலிருந்து கல்வரை அளந்தேன். பதினான்கு அடி. கல் கிழக்கே நகர்ந்திருக்க, அதை நம்பிய கருவி என் வரைபடத்தில் எல்லா அறைகளையும் மேற்கே தள்ளி வைத்திருந்தது. நிஜத்தில் அக்கா உட்காரும் அறை, வரைபடத்தில் இருப்பதைவிடப் பக்கத்துக் கம்பெனிக்குப் பதினான்கு அடி கூடுதல் நெருக்கம். அங்கே பற்றினால் இங்கே தாங்காது. மறைக்கத் தெரியாமல் அவரிடமே சொல்லிவிட்டேன்.

“வெளிய சொன்னா அறையப் பூட்டிருவாகளா?”

“ஆமாக்கா.”

“அப்பச் சொல்லாதீக. இந்தச் சீசன நம்பித்தான் மகள நர்சிங்ல சேத்திருக்கேன்.”

“அக்கா, அதுக்குள்ள உக்காந்திருக்கிறதே நீங்கதான்...”

“தெரியாமலா இருக்கேன்? இருவது வருசமா மருந்துலதான் கெடக்கேன்.”

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் அவர் பிழைப்பில் மண் விழும். சொல்லாவிட்டால் எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் எனக்குக் குலை நடுங்கும். எங்கள் பக்கத்தில் சத்தத்துக்கா பஞ்சம்? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. நான்காம் நாள் முதலாளியிடமும் உரிமம் கொடுத்த அலுவலகத்திலும் என் தவறை எழுதிக் கொடுத்தேன். அறையைப் பூட்டினார்கள். சரியானதைத்தான் செய்தேன் என்று இன்றும் நினைக்கிறேன், ஆனால் நிம்மதி வரவில்லை.

போன வாரம் திருத்தங்கல் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். விரல்களில் மருந்தின் வெள்ளிச்சாயம் போகாமல் இருந்தது. வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம். அங்கே அறைகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன்.

“அதெல்லாம் யாரு அளந்தா? கேட்டா வேலை குடுப்பாகளா?”

பேருந்து வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார்.

“அங்கன மட்டும் வந்துராதீக, தம்பி.”