பஞ்சுப் பனியில் படுத்திருந்த குட்டி

பெத்லகேமில் பனி பெய்ததா என்று எனக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் பெய்ததில்லை. டிசம்பரிலும் மத்தியானத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத ஊரில், வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பனி கொட்டியவன் நான். மில்லில் வேலை பார்த்த ஒருவர் கழிவுப் பஞ்சு ஒரு சாக்கு கொண்டுவந்து தருவார். முன்வராந்தாவில் பாதியை அடைத்து மூங்கில் கட்டி, வைக்கோல் வேய்ந்து, களிமண் ஆடுமாடுகளையும் ஒட்டகங்களையும் நிறுத்தி, எல்லாவற்றின் மேலும் பஞ்சைப் பிய்த்துப் போடுவேன். "அந்த மாட்டுக்கு மூச்சு முட்டாதா?" என்று மனைவி வருடாவருடம் கேட்பாள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். எங்கள் பங்குக் கோயில் சார்பில் குடில் போட்டி உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் நடுவர்கள் வீடு வீடாக வந்து மார்க் போடுவார்கள். முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர், அல்லது பிளாஸ்டிக் சுவர்க்கடிகாரம். இரண்டையும் நான் ஏற்கெனவே ஜெயித்திருந்தேன். அவற்றுக்காகப் பட்ட பாட்டை வேதத்துக்காகப் பட்டிருந்தால் இந்நேரம் என் சொரூபத்தைப் பீடத்தில் ஏற்றியிருப்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நவம்பரில், தெருக்கோடி வீட்டு நண்பர் எனக்கு ஒரு நாய்க்குட்டி கொடுத்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ராஜபாளையம் நாய் வளர்ப்பதில் பேர் வாங்கிய குடும்பம். தன் பிள்ளைகளின் படிப்பைவிடத் தன் நாய்களின் வம்சத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார். குட்டி உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. "ஒரு சொல்லு போதும் சார், பொறவு தாண்டாது" என்றார்.

தாண்டியது. முதல் மூங்கிலைக் கட்டிய அன்றே குடிலுக்குள் குடியேறிவிட்டது. வைக்கோலை இழுத்தது. பஞ்சைத் தின்று வராந்தாவிலேயே கக்கியது. குடிலில் நின்ற மூன்று ராஜாக்களில் ஒருவருடைய ஒட்டகத்தின் காலைக் கடித்துத் துப்பியது.

அந்தக் காலத்தில் படித்தவர்கள் நாயிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். மனைவியிடம் தமிழ், கடவுளிடம் தமிழ், நாயிடம் ஆங்கிலம். "நோ" என்றேன். "ஸ்டாப்" என்றேன். "ஹவ் டேர் யூ" என்றுகூடக் கேட்டேன். குட்டி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஞ்சை மென்றது.

"அது பொறந்த வீட்டுல தெலுங்குல்லா பேசுவாக. நீங்க இங்கிலீஷ்ல வஞ்சா அதுக்கு என்னத்த புரியும்?" என்றாள் மனைவி.

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நான் நண்பர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். வேண்டாம் என்பதற்குத் தெலுங்கில் 'வத்து' என்று சொல்லிக்கொடுத்தார். தெருவே பார்க்க வராந்தாவில் நின்று "வத்து, வத்து" என்று கத்தினேன். குட்டி மல்லாந்து படுத்துக் காலை ஆட்டியது.

அதன் பிறகு அடித்தேன். நட்சத்திரம் கட்டி மிஞ்சிய மூங்கில் பிளாச்சு கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. குடிலுக்குள் போனதற்கு ஓர் அடி, கூப்பிட்டுத் திரும்பாததற்கு இன்னோர் அடி. இரண்டாவது அடியில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். வகுப்பில் நான் கூப்பிட்டு யாரும் திரும்பாமல் இருந்ததில்லை.

"பச்சக் குட்டியப் போட்டு இப்பிடி அடிக்கியளே. எதுக்கு அடிக்கியன்னே அதுக்குத் தெரியலங்க" என்றாள் மனைவி.

"தெரியும். திமிரு. வம்சம் அப்படி" என்றேன்.

போட்டி நாளன்று குட்டியைக் குளியலறையில் போட்டுப் பூட்டினேன். மனைவி எப்போதோ திறந்துவிட்டிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. அவர்கள் படியேறும் நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலில் சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். நர்ஸ் அம்மா தூணைக் கட்டிக்கொண்டார். தெரு நாய்கள் எல்லாம் ஓடிவிட்டன. குடிலில் ஓர் அசைவும் இல்லை.

புகை அடங்கியதும் நர்ஸ் அம்மா குனிந்து, "பனி எம்புட்டு தத்ரூபமா இருக்கு" என்று பஞ்சைத் தொட்டார். பஞ்சு கொட்டாவி விட்டது.

"ஏசுவே! பனி எந்திரிக்கு!"

குட்டி வைக்கோலோடு எழுந்து நின்று உடம்பை உதறியது. களிமண் இடையர்கள் சாய்ந்தார்கள். நான் பிளாச்சை ஓங்கினேன். மனைவி என் கையைப் பிடித்தாள்.

"செத்த நேரம் சும்மா இருங்க. அம்புட்டு வெடிக்கும் எந்திரிக்கலியே இது."

உள்ளே போய் நான் ஜெயித்த டிபன் கேரியரை எடுத்து வந்தாள். குட்டியின் தலைக்குப் பின்னால் நின்று கேரியரைக் கரண்டியால் ஓங்கி அடித்தாள். எங்கள் காது கூசியது. குட்டி அண்ணாந்து நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தாள். அது வாலாட்டுவதைக்கூட நிறுத்தவில்லை.

"இதுக்குக் காது கேக்கல" என்றாள்.

நர்ஸ் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சார், அப்ப இத்தன நாளா நீங்க யாருகிட்ட இங்கிலீஷ் பேசுனிய?"

இரண்டே நாளில் மனைவி அதை வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். தரையில் காலால் ஓங்கி ஒரு தட்டு. அதிர்வில் அது திரும்பும். உள்ளங்கையைக் காட்டினால் நிற்கும். கையை வீசி அழைத்தால் ஓடி வரும். புத்தாண்டுக்குள் குடிலுக்கு வெளியே, தரையில் அவள் காட்டிய இடத்தில் படுத்துக் குடிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதை அங்கே நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும்.

புத்தாண்டுப் பூசை முடிந்ததும் பரிசை அறிவித்தார்கள். எனக்குத்தான் முதல் பரிசு. "வெடிக்கும் அசையாத ஆட்டுக்குட்டியை வைத்த புதுமைக்காக" என்று நடுவர் ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னார். கோயிலே சிரித்தது, சாமியார் உட்பட. டீக்கடையில் எனக்கு 'வத்து சார்' என்று பேர் வந்தது. பள்ளி திறந்த அன்று "சிட் டவுன்" என்றேன். கடைசி பெஞ்சில் ஒருவன் கையைக் காதில் குவித்து, "என்ன சார்? கேக்கல" என்றான். வகுப்பு மொத்தமும் கையைக் காதில் குவித்தது.

அந்த வாரமே நண்பர் வந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "வெள்ளையில சிலது இப்பிடிப் பொறந்துரும் சார். வெளிய சொல்லாதிய, குட்டி கேட்டு வாரவுக யோசிப்பாக. இதக் குடுத்துருங்க. காது கேக்குறதா ஒண்ணு தாரேன்."

"இத என்ன செய்வீங்க?"

"அத விடுங்க சார்."

விட்டேன். செவிட்டுக் குட்டிகளை என்ன செய்வார்கள் என்பது அந்த ஊரில் யாரும் யாரிடமும் இரண்டாம் முறை கேட்காத கேள்வி. எனக்கு விடை தெரியும். குட்டியால் வீட்டில் இப்போது எந்தத் தொல்லையும் இல்லை என்பதும் தெரியும். அது கண்ணில் படுகிற வரை ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன். காரணம் அவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைப் பல வருடங்களாகத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

மனைவி வத்திராயிருப்பில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து நண்பரை வரச் சொன்னேன். அவர் சைக்கிளோடு வாசலில் நின்றார். குட்டி, குடிலைப் பிரித்துவிட்ட வெறும் வராந்தாவில், அவள் காட்டிய அதே இடத்தில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. போய்த் தூக்கியிருக்கலாம். நான் அவள் செய்வதைப் போலத் தரையில் காலால் தட்டினேன். திரும்பியது. கையை வீசினேன். ஓடி வந்தது. நான் கூப்பிட்டு அது வந்தது அன்றுதான்.

புதுக் குட்டியும் அதே வெள்ளை, அதே மூக்கு, ஏறக்குறைய அதே உயரம். மனைவிக்கு வித்தியாசம் தெரியாது என்று இரண்டு பட்டம் வாங்கிய நான் நம்பினேன்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வந்தாள். கையில் பை. வராந்தாவில் ஏறியதும் வழக்கம்போலக் காலால் ஓங்கித் தட்டினாள். புதுக் குட்டி சத்தத்துக்கு மிரண்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்தது.

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை தட்டினாள்.